சொந்த மெயில் சர்வர் நடத்தப் போகிறீர்களா? ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள்

முப்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்புக்கு நான் மெயில் சர்வர் அமைத்தேன். மென்பொருளை நிறுவ ஒரு சனிக்கிழமை மதியம் போதுமாக இருந்தது. ஆனால் எங்கள் மெயில் மற்றவர்களின் ஸ்பேம் பெட்டிக்குப் போகாமல் இன்பாக்ஸில் விழ ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் போன கடிதங்கள், வராத கடிதங்கள், அதனால் வந்த சங்கடங்கள் எல்லாம் தவிர்த்திருக்கக்கூடியவைதான். எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாராவது எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தால் போதும். அந்த வரிசை இதோ.

1. எல்லாவற்றையும் நீங்களே நடத்த வேண்டுமா என்று பாருங்கள்

மூன்று வழிகள் உண்டு. முழுக்க முழுக்கச் சொந்த சர்வர். டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மட்டும் உங்களுடையது, மெயிலை ஒரு சேவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, மெயில் பெட்டிகள் உங்கள் சர்வரில் இருக்கும், வெளியே அனுப்புவதை மட்டும் ஒரு ரிலே சேவையிடம் விட்டுவிடுவீர்கள்.

மெயில் லாகை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவை, தினமும் திறந்து பார்க்க ஒரு ஆள் இல்லையென்றால் இரண்டாவது வழியே போதும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. டொமைன் உங்கள் பெயரில் இருக்கும் வரை சேவை நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் விடக் கூடாதது டொமைனை. ஆள் இருக்கிறார், ஆனால் முதல் முறை என்றால் மூன்றாவது வழியில் தொடங்குங்கள். மெயிலைப் பெறுவது எளிது. அனுப்புவதுதான் கஷ்டம், ஏனென்றால் அனுப்பும்போது உங்களை நம்பலாமா என்று தீர்மானிப்பது எதிரில் இருக்கும் சர்வர்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

சர்வரைத் தொடும் முன் ஒரு கோப்பில் இவற்றை எழுதி வையுங்கள்:

- டொமைன் பதிவுக் கணக்கின் பயனர் பெயர், யார் பெயரில் பதிவு, எந்தத் தேதியில் காலாவதி.
- டிஎன்எஸ் (டொமைன் பெயரை சர்வர்களோடு இணைக்கும் இணையப் பதிவேடு) எங்கே நிர்வகிக்கப்படுகிறது, இப்போது இருக்கும் எல்லா ரெக்கார்டுகளின் நகல்.
- உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாவற்றின் பட்டியல். பில் போடும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம், செய்திமடல் சேவை, அலுவலக ஸ்கேனர் வரை.
- சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்துக்கு எழுதப்போகும் கோரிக்கையின் வரைவு. இதை 4ஆம் படியில் சொல்கிறேன்.

மூன்றாவது பட்டியலுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். நான் அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன், அதில் மூன்று விட்டுப்போயின. டிமார்க் கொள்கையை (நம் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி, 5ஆம் படியில் வருகிறது) கடுமையாக்கிய அன்று எங்கள் ரசீதுகள் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டொமைன் பதிவுக் கணக்கிலும் சர்வர் வாடகைக் கணக்கிலும் தொடர்பு மெயிலாக அதே டொமைனில் இருக்கும் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை மெயில் எல்லாம் செத்துப்போன பெட்டிக்குத்தான் வரும். பாஸ்வேர்டை மீட்கவும் வழி இருக்காது. வேறொரு டொமைனில் ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள், அது இரண்டு பேர் கண்ணில் படட்டும்.

3. செலவைக் கணக்கிடுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை டொமைன், மாதந்தோறும் சர்வர், பேக்கப்புக்கு வேறிடத்தில் இடம், வேண்டுமானால் ரிலே சேவைக்கு அனுப்பும் எண்ணிக்கைப்படி கட்டணம். பணமாகப் போவது இவ்வளவுதான். இணைப்பைக் குறியாக்கத் தேவையான டிஎல்எஸ் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பில் இலவசம்.

சர்வரின் மெமரியில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளாம்ஏவி வைரஸ் சோதனை மட்டுமே 1 ஜிபிக்கு மேல் தின்னும். மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு சேவை ஓசையில்லாமல் நின்றுவிடும், மெயில் வரிசையில் தேங்கும்.

கணக்கில் வராத பெரிய செலவு உங்கள் நேரம். எனக்கு முதல் இரண்டு மாதம் வாரத்துக்குப் பத்து மணி நேரம் போனது. இப்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எந்த வாரமும் விட முடியாது. விடுமுறையில் போனாலும் யாராவது பார்க்க வேண்டும்.

4. சர்வர் எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

பணம் கட்டும் முன் வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

போர்ட் 25 வெளியே போகத் திறந்திருக்கிறதா? போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அந்தப் போர்ட்டில்தான். ஸ்பேம் அனுப்புபவர்களைத் தடுக்க, பல கிளவுட் நிறுவனங்கள் புதிய கணக்குகளுக்கு இதை மூடியே வைத்திருக்கின்றன. சிலர் கோரிக்கை எழுதினால் திறப்பார்கள், சிலர் எப்போதும் திறக்க மாட்டார்கள். கோரிக்கையில் யார் நீங்கள், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், நாளுக்குத் தோராயமாக எத்தனை மெயில், விளம்பர மெயில் உண்டா இல்லையா, புகார் வந்தால் யார் பதில் சொல்வார் என்று தெளிவாக எழுதுங்கள். என் முதல் கோரிக்கை ஒரே வரி. நிராகரித்துவிட்டார்கள். விவரமாக எழுதிய இரண்டாவதை மறுநாளே ஏற்றார்கள்.

பிடிஆர் ரெக்கார்டை நானே வைக்கலாமா? ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் சர்வரின் எண்) பெயரைத் தேடும் ரெக்கார்டு இது. இதை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் தேடிப் பயனில்லை, ஐபியை உங்களுக்குத் தந்த நிறுவனத்திடம்தான் வைக்க முடியும். ஐபி காட்டும் பெயரும், அந்தப் பெயர் காட்டும் ஐபியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பிடிஆர் இல்லாத சர்வரின் மெயிலைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

இந்த ஐபி இதற்கு முன் என்ன செய்தது? புது சர்வர் என்றாலும் ஐபி பழையது. ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அந்த எண் இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள். இருந்தால் வேறு ஐபி கேளுங்கள். பக்கத்து எண்கள் எல்லாமே கெட்ட பெயர் எடுத்திருந்தால் நிறுவனத்தையே மாற்றுங்கள்.

ஐபிவி6 (புதிய வகை, நீளமான ஐபி எண்) இருந்தால் அதற்கும் தனியாகப் பிடிஆர் வேண்டும். அதை வைக்க முடியவில்லை என்றால் மெயில் அனுப்புவதை ஐபிவி4-க்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். சர்வர் தானாகவே ஐபிவி6 வழியாக அனுப்பி, ஜிமெயில் அதைத் திருப்பி அனுப்பி, காரணம் புரியாமல் நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

5. டிஎன்எஸ் ரெக்கார்டுகள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான்.

எம்எக்ஸ் ரெக்கார்டு உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. அதில் ஐபி எண்ணைப் போடக் கூடாது, பெயரைத்தான் போட வேண்டும்.

எஸ்பிஎஃப் உங்கள் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை என்று சொல்கிறது. இதில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு வைப்பது. புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது அவர்கள் தந்த வரியை அப்படியே இன்னொரு ரெக்கார்டாகப் போட்டுவிடுவார்கள். இரண்டும் செல்லாமல் போகும். ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, எஸ்பிஎஃப் வரியைச் சரிபார்க்க அதிகபட்சம் 10 டிஎன்எஸ் தேடல்கள்தான் அனுமதி. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சேவையும் உள்ளுக்குள் மூன்று நான்கு தேடல்களை வைத்திருக்கலாம், அவையும் எண்ணப்படும். பயன்படுத்தாத சேவைகளை வெட்டுங்கள்.

டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் கையெழுத்து. 2048 பிட் சாவி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி நீளமானது. டிஎன்எஸ்ஸில் ஒரு எழுத்துச் சரம் 255 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதால் அதை இரண்டாக உடைத்துப் போட வேண்டியிருக்கும். சில டிஎன்எஸ் பக்கங்கள் தாமே உடைத்துக்கொள்ளும், சில இடங்களில் சாவி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். போட்டபின் வெளியிலிருந்து கேட்டு, முழுச் சாவியும் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

டிமார்க் இவை இரண்டையும் ஒன்று சேர்க்கிறது. படிப்பவர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறிய டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் தடுமாறியது இங்கேதான். செய்திமடல் சேவையில் எஸ்பிஎஃப் தேறியது என்று காட்டியது. ஆனால் தேறியது அந்தச் சேவையின் டொமைனுக்கு, எங்களுடையதற்கு அல்ல. டிமார்க் தோற்றது. அந்தச் சேவையில் எங்கள் டொமைனுக்கான டிகிம் சாவியை வைத்த பிறகுதான் சரியானது.

டிமார்க்கில் கொள்கை மூன்று நிலை: நன் (ஒன்றும் செய்யாதே), குவாரன்டைன் (ஸ்பேம் பெட்டியில் போடு), ரிஜெக்ட் (மறுத்துவிடு). நன்-இல் தொடங்கி, அறிக்கை வர ஒரு முகவரியும் கொடுங்கள். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் நாள்தோறும் எக்ஸ்எம்எல் கோப்பாக அறிக்கை அனுப்பும். கண்ணால் படிக்க முடியாது, படித்துச் சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு. குறைந்தது நான்கு வாரம் பாருங்கள், ஏனென்றால் மாதம் ஒருமுறை மட்டும் மெயில் அனுப்பும் மென்பொருள் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அப்புறம் குவாரன்டைன், இன்னும் சில வாரம் கழித்து ரிஜெக்ட்.

6. மென்பொருள்

போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை அனுப்பும், வாங்கும். டவ்காட் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும். ஆர்ஸ்பாம்டி ஸ்பேமைப் பிரிக்கும். மூன்றையும் தனித்தனியாகக் கட்டத் தெரியாவிட்டால் மெயில்காவ் போன்ற கட்டி முடித்த தொகுப்பை எடுங்கள். பயனர்கள் அனுப்ப போர்ட் 465 அல்லது 587, படிக்க 993. போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் என்ற இரண்டு முகவரிகளை உருவாக்கி, அவற்றை உண்மையில் படியுங்கள். புகார் அங்கேதான் வரும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான் செல்லும். புதுப்பிப்பு தானாக நடந்துவிடும், ஆனால் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் புதிய சான்றிதழை எடுத்துக்கொள்ள அவற்றை ரீலோட் செய்ய வேண்டும். அதையும் தானியங்கியாக்கி வையுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் காலை எல்லோர் கைபேசியிலும் எச்சரிக்கை வந்து நிற்கும்.

7. மாறும் நாள்

மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல் மதிப்பை (மற்ற சர்வர்கள் அந்த ரெக்கார்டை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். வார இறுதியில் மாற்றுங்கள். பழைய சர்வரை உடனே அணைக்காமல் ஒரு வாரமாவது ஓட விடுங்கள், சிலர் பழைய எம்எக்ஸையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் சர்வர் சில மணி நேரம் நின்றால் பதற வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். தவறான அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்தான் ஆபத்து. நின்ற சர்வருக்கு மெயில் காத்திருக்கும். நிரந்தர மறுப்பு என்று பொருள்படும், 5-இல் தொடங்கும் பிழை எண்ணைத் தந்து திருப்பியது போனது போனதுதான்.

8. நல்ல பெயர் எடுக்க ஆகும் காலம்

புதிய ஐபியிலிருந்து முதல் நாளே ஐந்நூறு பேருக்கு அறிவிப்பு அனுப்பாதீர்கள். முதல் வாரம் தெரிந்தவர்களோடு சாதாரணக் கடிதப் போக்குவரத்து. ஸ்பேம் பெட்டியில் விழுந்தால் எடுத்து, ஸ்பேம் அல்ல என்று குறித்து, பதில் எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கையை வாரா வாரம் மெல்ல ஏற்றுங்கள். உங்கள் மெயிலுக்கு அவர்களிடம் என்ன பெயர் என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸிலும் மைக்ரோசாஃப்டின் எஸ்என்டிஎஸ்ஸிலும் முதல் நாளே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு (ஜிமெயில் கணக்கில் நாளுக்குச் சுமார் 5,000-க்கு மேல்) ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதிகளை இறுக்கிவிட்டன. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மொத்தமாக அனுப்புபவர்களிடம் அவுட்லுக்கும் 2025 மே மாதம் முதல் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது. நீங்கள் நாளுக்கு ஐம்பது மெயில் அனுப்பினாலும் இவை எல்லாம் வைத்திருப்பதே நல்லது. செய்திமடலை மட்டும் ஒரு துணை டொமைனிலிருந்து, வேறு ஐபியில் அனுப்புங்கள். அதன் மேல் வரும் புகார் உங்கள் அன்றாடக் கடிதங்களைத் தொடக் கூடாது.

9. வரும் ஸ்பேம்

பாதி ஸ்பேமைக் கடிதத்தைப் படிக்காமலேயே தடுக்கலாம். பிடிஆர் இல்லாத சர்வர், தன் பெயரைத் தப்பாகச் சொல்லும் சர்வர், தடைப்பட்டியலில் இருக்கும் ஐபி: இவற்றை வாசலிலேயே நிறுத்துங்கள்.

நிறுத்தும் இடம் முக்கியம். மெயில் உள்ளே வரும் அந்த உரையாடலிலேயே மறுத்தால், தவறாக மறுக்கப்பட்ட நல்ல மனிதருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பேமில் இருக்கும் அனுப்புநர் முகவரி போலி என்பதால், சம்பந்தமே இல்லாத ஒருவர் பெட்டியில் போய் விழும். அப்படிச் செய்யும் சர்வரைத் தடைப்பட்டியலில் ஏற்றுவார்கள்.

இப்போது எனக்கு நடந்த மிகப் பெரிய தவறு. தடைப்பட்டியல்களை டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்கிறோம். என் சர்வர் 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பொது டிஎன்எஸ் வழியாக வரும் இலவசக் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹாஸ் விடை தராது. அதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழை எண் வரும். நான் எழுதிய விதி எந்த எண் வந்தாலும் ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் எங்களுக்கு வந்த மெயில் எல்லாவற்றையும் திருப்பியடித்துவிட்டேன். ஒரு வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் கடிதங்கள் அதில் இருந்தன, கடைசித் தேதியும் அதற்குள் முடிந்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது: சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு டிஎன்எஸ் ரிசால்வரை ஓட விடுங்கள், அது வேறு யாருக்கும் கேள்வியைத் தள்ளாமல் தானே தேடட்டும். விதியிலும் எந்த எண்கள் வந்தால் மறுக்க வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

கிரேலிஸ்டிங் என்பது தெரியாத சர்வரிடம் கொஞ்சம் கழித்து வா என்று சொல்லும் உத்தி. ஸ்பேம் கருவிகள் பல திரும்ப வருவதில்லை. ஆனால் எல்லோருக்கும் இதைப் போட்டால், ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி அரை மணி நேரம் கழித்து வரும். ஆர்ஸ்பாம்டி சந்தேகப் புள்ளி 4-ஐத் தொட்ட மெயிலுக்கு மட்டும் இதைச் செய்கிறது, 6-இல் ஸ்பேம் என்று குறிக்கிறது, 15-இல் மறுக்கிறது. இந்த இயல்பு எண்களை முதல் மாதம் மாற்றாதீர்கள்.

சொற்களைப் பார்த்துக் கற்கும் பேய்ஸ் வடிகட்டி இயல்பாக 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடாதீர்கள். பயனர் ஒரு மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு நகர்த்தினால் வடிகட்டி கற்கும்படி டவ்காட்டில் அமைக்கலாம். அப்படி அமைத்தால், தாங்களே பதிவு செய்த செய்திமடல் சலித்துப்போனால் ஜங்க்கில் போட வேண்டாம், விலகிவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு சிலர் செய்தாலே வடிகட்டி குழம்பிவிடும்.

எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கும் கேட்ச்-ஆல் பெட்டி வேண்டவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் எந்த வடிகட்டியும் பிடிக்காது. வாடிக்கையாளரின் உண்மையான கணக்கையே திருடி, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் கட்டுங்கள் என்று வரும் கடிதம். கையெழுத்து எல்லாம் தேறும். கணக்கு எண் மாற்றம் எதுவானாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் என்று அலுவலக விதியாக்குங்கள்.

10. உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் போனால்

என்றாவது ஒரு நாள் ஒருவரின் பாஸ்வேர்டு திருடு போகும். ஒரு கணக்கிலிருந்து மணிக்கு இத்தனை மெயில்தான் என்று முன்பே வரம்பு வையுங்கள். நாங்கள் 100 வைத்திருக்கிறோம். அனுப்பும் வரிசை நீண்டால் எச்சரிக்கை வரட்டும்.

திருடு போனது தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டியுங்கள், வரிசையில் நிற்கும் ஸ்பேமை அழியுங்கள், அந்தக் கணக்கில் திருடன் வைத்துவிட்டுப் போன ஃபார்வர்டு விதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபி தடைப்பட்டியலில் ஏறியிருந்தால், காரணத்தைச் சரிசெய்த பிறகே நீக்கக் கோருங்கள். சரிசெய்யாமல் கேட்டு மறுபடி ஏறினால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

இணையதளத் தொடர்புப் படிவத்தில் நகலை எனக்கும் அனுப்பு என்ற வசதி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) அதில் ஊரார் முகவரியைப் போட்டு உங்கள் ஐபியிலிருந்தே ஸ்பேம் அனுப்பும்.

11. சாட் பக்கம் போகலாமா

உள்ளுக்குள் பேசிக்கொள்வதற்கு, தாராளமாகப் போகலாம். எங்கள் மெயிலில் பெரும்பகுதி நாங்களே ஒருவருக்கொருவர் எழுதியது. அது சாட்டுக்குப் போனதும் பெட்டிகள் லேசாகின. அழைக்கப்பட்டவர் மட்டுமே உள்ளே வர முடியும் என்பதால் அங்கே ஸ்பேமும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வெளியாட்களோடு கடிதம், ரசீது, ஒப்பந்தம், கணக்குப் பதிவு, பாஸ்வேர்டு மீட்பு எல்லாம் மெயிலில்தான் இருக்கும். சாட் வந்தால் மெயிலை மூடிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பும் சிக்னலும் எளிது, இரண்டிலும் முனைக்கு முனை குறியாக்கம் உண்டு, அதாவது பேசுபவர்களைத் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் ஆளின் தொலைபேசி எண்தான் அவருடைய அடையாளம். அவர் வேலையை விட்டுப் போனால் உரையாடல் அவர் கைபேசியோடு போகும், அலுவலகத்துக்கு ஆவணமாக ஒன்றும் மிஞ்சாது. டெலிகிராமில் சாதாரண உரையாடலும் குழுக்களும் முனைக்கு முனை குறியாக்கம் இல்லாதவை என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

சொந்தமாக நடத்த ஜூலிப், மேட்டர்மோஸ்ட், மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி என்று பல உண்டு. மெயில் பழக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஜூலிப் ஒத்துவரும் என்பது என் அனுபவம். ஒவ்வொரு பேச்சுக்கும் தலைப்பு உண்டு, மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்தைப் பிடிக்கலாம். மற்ற அமைப்புகளோடும் பேச வேண்டுமென்றால் மேட்ரிக்ஸ் அல்லது எக்ஸ்எம்பிபி. மேட்ரிக்ஸில் இரண்டு எச்சரிக்கை: அதன் சர்வர் மென்பொருளான சினாப்ஸில், சர்வருக்கு முதலில் வைத்த பெயரைப் பிறகு மாற்றவே முடியாது, அதனால் சோதனைப் பெயரில் தொடங்காதீர்கள். மீட்புச் சாவியைத் தொலைத்துவிட்டு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறினால் குறியாக்கிய பழைய செய்திகளைப் படிக்க முடியாது. சேரும் அன்றே ஒவ்வொருவரும் அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எதை எடுத்தாலும் யாரும் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதியை மூடி வையுங்கள்.

ஒரு குழுவோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். முடிவு எடுத்த விஷயம் சாட்டில் புதைந்துபோகிறதா என்று கவனியுங்கள். எங்களுக்குப் புதைந்தது. இப்போது முடிவு எதுவானாலும் ஒரு மெயிலாக எழுதிவிடுகிறோம்.

சாட்டை மெயில் ஓடும் சர்வரிலேயே வைக்காதீர்கள். மெயில் நின்ற அன்று எல்லோரும் வந்து கேட்கும் இடம் சாட்தான். இரண்டும் சேர்ந்து நின்றால், எப்போது சரியாகும் என்று சொல்லக்கூட வழியிருக்காது. அதற்கென்று எல்லோருடைய தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் அச்சடித்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். 2ஆம் படியில் சொன்ன கோப்பின் அச்சுப்பிரதியும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.